"படம்: இணையம்"னு போடாதீங்க, எடுத்தவரைக் கேளுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்காசி பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாணம் காதுகுத்து சடங்குன்னு பொழப்பு ஓடுது, முகூர்த்தம் இல்லாத நாள்ல கேமராவ எடுத்துக்கிட்டு குளம் குளமா பறவை எடுக்கப் போயிடுவேன். உங்க பேப்பரோட ஞாயிறு இணைப்ப விடாம படிக்கிறவன். போன வாரம் நம்ம ஊர்க் குளங்களுக்கு வர்ற பறவைங்க பத்தி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீங்க, எழுதினவர் நல்லா எழுதியிருந்தார், அவர் பேரும் தலைப்புக்குக் கீழயே இருந்துச்சு, சந்தோஷம். ஆனா பக்கத்துல பாதிய அடைச்சுக்கிட்டு இருந்த படங்களுக்குக் கீழ பொடி எழுத்துல "படம்: இணையம்"னு மட்டும் இருந்துச்சு. அதுல ஒண்ணும் என் படம் இல்ல, எனக்காக நான் இதை எழுதல. ஆனா அந்தப் படத்த எடுக்க என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும், அதான் மனசு கேக்கல.

உங்க பேப்பர் மட்டும் இல்ல, வார இதழ், டிவி சேனல், யூட்யூப் தம்ப்நெயில், கோச்சிங் சென்டர் நோட்டீஸ், கட்சி ஃப்ளெக்ஸ், எல்லாத்துலயும் இதே கதைதான். சில பேரு "நன்றி: கூகுள்"னு போடுறாங்க. அரிசி எங்க வெளையுதுன்னு கேட்டா ரேஷன் கடையிலன்னு சொல்ற மாதிரி இருக்கு. கூகுள் தேடிக் காட்டுது, அவ்வளவுதான், படத்த எடுத்தது எங்கயோ இருக்கிற ஒரு மனுஷன். அந்த மனுஷன் யாருன்னு கண்டுபிடிக்க இப்ப ரெண்டு நிமிஷம் போதும், கூகுள் லென்ஸ்ல அந்தப் படத்த குடுத்தாலே மொதல்ல எங்க வந்துச்சுன்னு பெரும்பாலும் பிடிச்சிடலாம், டின்ஐ-னு ஒரு சைட் 2008லேர்ந்தே இந்த வேலைய செய்யுது. இவ்வளவு வசதி வந்த அப்புறமும் தேடாம எடுத்துப் போடுறாங்கன்னா, படத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பாருங்கிற எண்ணமே நமக்கு இல்லன்னுதான் சொல்லணும். அந்த எண்ணம் வரணும், அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

கூந்தன்குளத்தப் பத்தி உங்க கட்டுரையிலயும் இருந்துச்சு. நாங்குநேரி பக்கம் இருக்கிற அந்த ஊர்ல நாரைங்க குளத்துல மட்டும் கூடு கட்டாது, வீட்டுக் கொல்லையில இருக்கிற மரத்துலயும் கட்டும், ஊர்க்காரங்க பறவை பயந்துடக் கூடாதுன்னு தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டாங்க. சங்குவளை நாரை வெயில் ஏறுனா ரெண்டு றெக்கையையும் விரிச்சுக்கிட்டு சூரியனுக்கு முதுகக் காட்டி நிக்கும், அந்த நிழல்ல குஞ்சுங்க படுத்திருக்கும். இத எடுக்கணும்னா வெயில் உச்சிக்கு ஏறுற நேரத்துல நீங்களும் வெயில்லதான் இருக்கணும், வேற வழி கெடையாது. லென்ஸ் சூடாகி தரையிலேர்ந்து கிளம்புற அனல்ல படம் நெளியும், பறவை திரும்பிக்கும், ஒரு கொப்பு குறுக்க வரும், யாராவது பைக்க உறுமிக்கிட்டு போவாங்க. கடைசியில ஒரே ஒரு ஃப்ரேம் அமையும். றெக்கையோட ஓரத்துல இருக்கிற ரோஸ் கலரு இறகு வழியா வெளிச்சம் ஊடுருவி, கீழ குஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு மேல பாக்குற மாதிரி.

அப்படி எனக்கு அமைஞ்ச ஒரு படத்த வலது பக்கம் கீழ என் ஸ்டுடியோ பேர பொடிசா போட்டு ஃபேஸ்புக்ல ஏத்தியிருந்தேன். அடுத்த தைக்கு எங்க பக்கத்துல ஒரு உரக்கடையில குடுத்த மாத காலண்டர்ல அது வந்துடுச்சு. என் பேர் தெரியக் கூடாதுன்னு கீழ இருந்து வெட்டியிருக்காங்க, பேர் இருந்த எடத்துலதான் குஞ்சும் இருந்துச்சு, அதனால குஞ்சோட தலையும் பாதி போயிடுச்சு. யாருக்காக அந்த நாரை றெக்கைய விரிச்சுதோ அது படத்துல இல்ல. சும்மா ஒரு பறவை சோம்பல் முறிக்கிற மாதிரி இருந்துச்சு. பணம் வரலங்கிறத விட இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

கடைக்குப் போயி "அண்ணாச்சி, இந்தப் படம் நான் எடுத்தது"ன்னு சொன்னேன். அவர் நெசமாவே திகைச்சுப் போயிட்டார், "நெட்ல கெடந்துச்சுன்னு டிசைன் பண்ற பையன் சொன்னானே தம்பி"ன்னார். டிசைன் பண்ற தம்பிக்குப் போன் போட்டா அவரும் அதையேதான் சொன்னார், "நெட்ல ஃப்ரீயா இருந்துச்சுண்ணே." ரெண்டு பேரும் கெட்டவங்க இல்ல. அண்ணாச்சி அடுத்த வருஷத்துக்கு காசு குடுத்தே என்கிட்ட படம் வாங்கினார், அந்தத் தம்பியும் இப்ப கேட்டுட்டுத்தான் எடுக்கிறார். அதனாலதான் சொல்றேன், இங்க பாதி திருட்டு திருட்டுன்னு தெரியாமலே நடக்குது, தெரிஞ்சா நிறைய பேரு நிறுத்திடுவாங்க, தெரிய வைக்கிற வேலைய செய்ய பத்திரிகைய விட்டா வேற யாரு இருக்கா.

சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு வக்கீல் நண்பர்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். நம்ம நாட்டு காப்பிரைட் சட்டம், அதாவது பதிப்புரிமைச் சட்டம், 1957ல வந்தது, அதுல போட்டோவும் ஓவியம் மாதிரி ஒரு கலைப் படைப்புதான். ஷட்டர அமுக்குன அந்த நிமிஷமே எடுத்தவருக்கு உரிமை வந்துடுது (காசு வாங்கிக்கிட்டு எடுத்துக் குடுக்குற படத்துக்கு மட்டும் வேற, அதக் கடைசியில சொல்றேன்), எங்கயும் போயி ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல, வட்டத்துக்குள்ள சி போடணும்னுகூட கட்டாயம் இல்ல. ரிஜிஸ்டர் பண்ணினா கோர்ட்டுல ஆதாரமா உதவும், அவ்வளவுதான். எடுத்தவரோட ஆயுசு முழுக்கவும், அவர் போன அப்புறம் 60 வருஷமும் உரிமை இருக்கு, 2012 திருத்தத்துக்கு முன்னாடி போட்டோவுக்கு மட்டும் இது கம்மியா இருந்துச்சு. அது போக 57வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, இது நான்தான் எடுத்ததுன்னு சொல்லிக்கிற உரிமையும், பேர் கெடுற மாதிரி என் படத்த சிதைக்காதன்னு தடுக்குற உரிமையும் அதுல வருது, உரிமைய வித்த அப்புறமும் அது எடுத்தவர்கிட்டயே இருக்கும்.

"பப்ளிக்கா போட்டுட்டு அப்புறம் எடுத்தா ஏன் கோவப்படுற"ன்னு கேக்குறவங்க உண்டு. இதுக்கு ஐரோப்பாவுல ஒரு தீர்ப்பே வந்திருக்கு. ஜெர்மனியில ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஸ்பெயின் நாட்டு கோர்டோபா ஊர் படம் ஒண்ண ஒரு டிராவல் சைட்லேர்ந்து எடுத்து ப்ராஜெக்ட்ல ஒட்டுச்சு, எந்த சைட்லேர்ந்து எடுத்தேன்னும் கீழ எழுதியிருந்துச்சு, பள்ளிக்கூடம் அந்த ப்ராஜெக்ட்ட அவங்க வெப்சைட்ல ஏத்துனாங்க. படம் எடுத்தவர் கேஸ் போட்டார், ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2018 ஆகஸ்ட்ல தீர்ப்பு, ஒரு சைட்ல எல்லாரும் பாக்குற மாதிரி இருக்குங்கிறதுக்காக இன்னொரு சைட்ல ஏத்த முடியாது, மறுபடி எடுத்தவர்கிட்ட அனுமதி வாங்கணும்னு. எடுத்த எடத்தப் போட்டதும் அங்க போதல பாருங்க. பேர் போடுறது மரியாதை, அனுமதி வாங்குறது வேற, ரெண்டும் வேணும்.

அதவிடப் பெரிய கதை ஹைட்டி நாட்டுல நடந்தது. 2010 ஜனவரி 12ந் தேதி அங்க பூகம்பம் வந்தப்ப டேனியல் மொரேல்னு அந்த ஊர்க்கார போட்டோ ஜர்னலிஸ்ட் இடிபாட்டுக்கு நடுவுல நின்னு எடுத்த படங்கள ட்விட்டர் மூலமா போட்டார். வேற ஒருத்தர் அத எடுத்து தன் படம் மாதிரி போட்டுக்கிட்டார், ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அதை எடுத்து உலகம் பூரா அனுப்புச்சு, படம் விக்கிற கெட்டி நிறுவனம் மூலமாவும் போச்சு, பெரிய பெரிய பத்திரிகையில எல்லாம் தப்பான பேர்ல வந்துச்சு. மொரேல் கேட்டதுக்கு, ட்விட்டர்ல போட்டாலே மத்தவங்க எடுத்துக்கலாம்னு விதி இருக்குன்னு வாதாடுனாங்க. நியூயார்க் கோர்ட்டு அத ஒத்துக்கல. 2013 நவம்பர்ல ஜூரி 12 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுச்சு. அவ்வளவு பெரிய நிறுவனத்தோட டெஸ்க்குல இருக்கிறவங்களுக்கே இந்தத் தப்பு நடந்திருக்குன்னா, ராத்திரி பதினோரு மணிக்கு பக்கத்த முடிக்க வேண்டிய அவசரத்துல இருக்கிற உங்க லே அவுட் தம்பிங்கள மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். விதிமுறைன்னு ஒண்ண ஆபீஸ்ல வகுத்துக் குடுத்தாத்தான் அவங்களால நிறுத்த முடியும்.

அதனால உங்ககிட்ட நேரடியா கேக்குறேன் சார். எடுத்தவர் பேர் தெரியாத படத்த சிறப்புப் பக்கத்துல போடுறதில்லன்னு ஒரு முடிவெடுங்க. நடப்புச் செய்திக்கும் விமர்சனத்துக்கும் சட்டத்துல விலக்கு இருக்கு, தெரியும், ஆனா ஞாயிறு இணைப்புல அழகுக்குப் போடுற படம் அந்த விலக்குல வராதுன்னுதான் எனக்குத் தோணுது. காசு குடுத்து வாங்க முடியலன்னா விக்கிமீடியா காமன்ஸ்னு இலவசமா படம் எடுத்துக்கிற தளத்துல கோடிக்கணக்குல படம் இருக்கு, தமிழ்நாட்டுக் கோயில், குளம், பறவை, பூ எல்லாம் நம்ம ஆட்களே எடுத்து ஏத்தி வச்சிருக்காங்க. அதுலயும் பெரும்பாலான படத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கு, எடுத்தவர் பேரையும் என்ன லைசென்ஸுங்கிறதையும் போடணும். அந்த ஒரு வரியத்தான் சம்பளமா அவங்க கேக்குறாங்க, அதையும் "இணையம்"னு மாத்திட்டா என்ன சார் நியாயம். உள்ளூர்ல படம் எடுக்கிற பசங்க ஜில்லாவுக்கு ஜில்லா இருக்காங்க, ஒரு மெயில் போட்டா சந்தோஷமா குடுப்பாங்க, சின்னதா ஒரு தொகை குடுத்தா அந்தப் பேப்பர ஃப்ரேம் போட்டு வீட்டுல மாட்டி வைப்பாங்க.

போட்டோ போட்டிங்க பத்தியும் சொல்லணும். நிறைய போட்டியில விதிமுறையோட கடைசியில "வரும் படங்கள் அனைத்தும் அமைப்பாளர்களுக்கே சொந்தம்"னு ஒரு வரி இருக்கும். ரெண்டாயிரம் ரூபா பரிசுக்காக ஆயிரம் பேரோட படத்த அள்ளிக்கிற வேலை அது. பசங்க அந்த வரியப் படிச்சுட்டு அனுப்புங்க. நடத்துறவங்க "போட்டி அறிவிப்புக்கும் கண்காட்சிக்கும் மட்டும் பயன்படுத்துவோம்"னு போட்டாலே போதுமே.

சரி, படம் போடுறவங்க நம்ம பக்கத்துல என்ன செய்யலாம். மொதல்ல ஒண்ண ஒத்துக்கணும், முழுசா காப்பாத்துற பூட்டு எதுவும் கெடையாது. ரைட் கிளிக்க ஆஃப் பண்றதெல்லாம் பிரயோஜனம் இல்ல, ஸ்கிரீன்ஷாட் எடுத்தா முடிஞ்சுது. ஒரிஜினல் சைஸ்ல ஏத்தாதீங்க, நீளப் பக்கம் 1200 பிக்சலுக்குள்ள சுருக்கி ஏத்துங்க, ஆஃப்செட் அச்சுல 300 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி வேணும்னா அது 4 இஞ்சுக்குத்தான் வரும், புக்கு காலண்டருக்கெல்லாம் ஆகாது. ஆனா ஃப்ளெக்ஸ் தூரத்துலேர்ந்து பாக்குற சமாச்சாரம், சின்னப் படத்தையே இழுத்து அடிச்சுடுவாங்க, இப்ப ஏஐ வச்சு பெருசாக்குற ஆப்பும் வந்துடுச்சு, அதனால சைஸ் மட்டும் நம்மளக் காப்பாத்தாது.

வாட்டர்மார்க் ஓரத்துல போட்டா வெட்டிடுவாங்க, என் நாரை படத்துக்கு நடந்தது அதான். நடுவுல பெருசா போட்டா படத்த யாரும் ரசிக்க முடியாது. நான் இப்ப எங்க போடுறேன்னா, வெட்டுனா படமே செத்துப் போற எடத்துல, பறவையோட காலுக்குப் பக்கத்துலயோ கோபுரத்தோட நிழல்லயோ, கொஞ்சம் மங்கலா. இன்னொண்ணு, எல்லாப் படத்துலயும் அச்சு அசலா ஒரே மாதிரி போடாதீங்க. 2017ல கூகுள் ஆராய்ச்சிக்காரங்களே செஞ்சு காட்டுனாங்க, ஒரே வாட்டர்மார்க் இருக்கிற நிறைய படத்தக் குடுத்தா கம்ப்யூட்டர் அந்தக் குறிய மட்டும் பிரிச்சு எடுத்து தானாவே அழிச்சுடுதுன்னு, ஒவ்வொரு படத்துலயும் லேசா வளைச்சு நெளிச்சு போட்டா அது திணறுதுன்னும் சொன்னாங்க. இப்ப போன்லயே அழிக்கிற வசதி இருக்கு, தடுக்கவே முடியாது, இருந்தாலும் பேர் இருந்துச்சுங்கிறதே பின்னாடி ஒரு ஆதாரம். எடுத்தவர் பேர் மாதிரியான உரிமைத் தகவல தெரிஞ்சே அழிக்கிறது 65பி பிரிவுல தனிக் குற்றம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

கண்ணுக்குத் தெரியாத தகவலும் ஃபைலுக்குள்ள எழுதலாம். லைட்ரூம் மாதிரி படத்த திருத்துற சாஃப்ட்வேர்ல உங்க பேரு, போன் நம்பர், உரிமை விவரம் எல்லாம் ஒரு தடவ டைப் பண்ணி வச்சுட்டா ஒவ்வொரு படத்துலயும் தானா ஏறிடும், நிறைய கேமராவுலயே மெனுவுல பேர் ஏத்திக்கலாம். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா அது இதையெல்லாம் உரிச்சுட்டு படத்தையும் சுருக்கித்தான் அனுப்பும், டாக்குமெண்டா அனுப்புனா அப்படியே போகும். அதனாலயே இன்னொரு எச்சரிக்கையும் இருக்கு, போன்ல எடுத்த படத்துல எந்த எடத்துல எடுத்ததுங்கிற ஜிபிஎஸ் விவரம் இருக்கலாம், வீட்டுல எடுத்த பிள்ளைங்க படத்த ஃபைலா யாருக்காவது குடுக்கும்போது உங்க வீட்டு வாசலையே காட்டிக் குடுக்கும். கேமரா செட்டிங்ல லொகேஷன ஆஃப் பண்ணிடுங்க. நாங்க பறவைக்காரங்க கூடு இருக்கிற எடத்த வெளிய சொல்ல மாட்டோம், அதே கவனம் நம்ம பிள்ளைங்களுக்கும் வேணும்ல.

எல்லாத்துக்கும் மேல ஒரிஜினல பத்திரமா வைங்க. கேமராவுல ரா ஃபைலா எடுத்தா அதுதான் நெகட்டிவ் மாதிரி, அத ஒரு நாளும் யாருக்கும் குடுக்காதீங்க. என் படம்னு அண்ணாச்சிக்கு நான் எப்படி நிரூபிச்சேன்னு நெனைக்கிறீங்க, லேப்டாப்ப தூக்கிட்டுப் போயி அந்த ஃப்ரேமோட முன்னாடி பின்னாடி எடுத்ததெல்லாம் வரிசையா காட்டுனேன், றெக்கைய விரிக்கிறதுக்கு முன்னாடி, விரிச்ச அப்புறம், மடக்குனதுன்னு, காலண்டர்ல வெட்டுப்பட்டுப் போன குஞ்சு முழுசா இருக்கிறத காட்டுனேன், அவர் அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. நெட்லேர்ந்து எடுத்தவர்கிட்ட அந்த ஒத்தப் படம்தான் இருக்கும், முன்னாடி பின்னாடி இருக்காது.

மீறி யாராவது எடுத்துட்டா சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, லிங்க், தேதி, அக்கவுண்ட் பேர் எல்லாம் தெரியுற மாதிரி. கோவத்துல கமெண்ட் போட்டா அவங்க டெலீட் பண்ணிட்டு போயிடுவாங்க, ஆதாரமும் போயிடும். அப்புறம் மரியாதையா ஒரு மெசேஜ், பாதிப் பேரு அதுலயே எடுத்துடுவாங்க இல்ல பேர் போட்டுடுவாங்க. கேக்கலன்னா ஃபேஸ்புக் இன்ஸ்டாகிராம் யூட்யூப் எல்லாத்துலயும் காப்பிரைட் புகார் படிவம் இருக்கு, காசு கெடையாது, வக்கீலும் வேணாம், சாதா "ரிப்போர்ட்" பட்டன அமுக்குறத விட அதுக்கு பலன் அதிகம். நம்ம சட்டத்துலயும், படம் இருக்கிற தளத்துக்கு உரிமையாளர் முறையா எழுதிக் குடுத்தா 36 மணி நேரத்துக்குள்ள அத முடக்கணும்னு விதி இருக்கு. ஆனா கவனம், 21 நாளுக்குள்ள நீங்க கோர்ட் உத்தரவு வாங்கிக் குடுக்கலன்னா அவங்க மறுபடி தொறந்துடலாம்.

கோர்ட்டுன்னாலே மெட்ராஸ் டெல்லின்னு அலையணும்னு பயப்பட வேண்டாம். 62வது பிரிவுப்படி உரிமையாளர் குடியிருக்கிற இல்ல தொழில் பண்ற ஊருக்கான ஜில்லா கோர்ட்டுலயே கேஸ் போடலாம், படத்த திருடுனவன் மும்பையில இருந்தாலும் இங்க வரணும். எளியவங்களுக்காகவே எழுதுன பிரிவு மாதிரி இருக்கு, ஆனா எங்க ஆட்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. தெரிஞ்சே திருடி காசு பாக்குறவங்க மேல கிரிமினல் புகாரும் குடுக்கலாம், 63வது பிரிவுல குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 3 வருஷம், அபராதம் 50,000 ரூபாயிலேர்ந்து 2 லட்சம் வரைக்கும். இது போலீஸ் நேரடியா வழக்குப் பதியக்கூடிய, ஸ்டேஷன்லயே ஜாமீன்ல விட முடியாத குற்றம்னு சுப்ரீம் கோர்ட்டு 2022 மே மாசம் தெளிவா சொல்லிடுச்சு. ஸ்டேஷன்ல "இதெல்லாம் சிவில் மேட்டர் தம்பி"ன்னு சொன்னா இந்தத் தீர்ப்ப பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. அதுக்காக தெரியாம செஞ்ச சின்னக் கடைக்காரர் மேலயெல்லாம் இத வீசக் கூடாதுன்னுதான் நான் சொல்வேன்.

இதுவரைக்கும் சொன்னது எடுத்தவங்களோட உரிமை. படத்துல இருக்கிறவங்க கதை இதவிட கஷ்டம் சார். கைக்குழந்தை படத்த எங்கிருந்தோ எடுத்து "இந்தக் குழந்தைக்கு ஆபரேஷன், ஷேர் பண்ணுங்க"ன்னு ஜிபே நம்பரோட வாட்ஸ்அப்ல சுத்த விடுறாங்க. அந்தக் குழந்தை நல்லா விளையாடிக்கிட்டு இருக்கும், அதோட அம்மாவுக்கு சொந்தக்காரங்க பதறிப் போயி போன் பண்ணுவாங்க. பொண்ணுங்க டிபி படத்த எடுத்து போலி ஐடி, போலி வரன் ப்ரொஃபைல், அதுக்கு மேல போயி மார்ஃபிங், இப்ப ஏஐ வந்து அதுவும் ரெண்டு நிமிஷ வேலையா ஆகிடுச்சு. இந்த மாதிரி நடந்தா வீட்டுல மொதல்ல பொண்ணத்தான் திட்டுறாங்க, "உன்ன யாரு போட்டோ போடச் சொன்னா"ன்னு. அப்பா அம்மாமார்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டு கேக்குறேன், அந்தக் கேள்விய மட்டும் கேக்காதீங்க, தப்பு செஞ்சவன் வேற எங்கயோ இருக்கான், நீங்க திட்டுவீங்கங்கிற பயத்துலதான் பிள்ளைங்க அவன் கேக்குற காச ரகசியமா குடுக்குதுங்க.

காசு குடுக்காதீங்க, குடுத்தா திரும்பக் கேப்பான். சாட், நம்பர், லிங்க் எதையும் அழிக்காதீங்க. காசு போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, படம் சம்பந்தமானதுக்கு மத்திய அரசோட சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல பெண்கள் குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதியே இருக்கு, அதுல பேர் சொல்லாமலும் புகார் குடுக்கலாம். அந்தரங்கப் படம்னா ஸ்டாப் என்சிஐஐ டாட் ஓஆர்ஜின்னு ஒரு தளம் 2021லேர்ந்து இருக்கு, 18 வயசு தாண்டினவங்களுக்கு. பயப்படாதீங்க, படத்த அங்க ஏத்த வேண்டியதில்ல, உங்க போனுக்குள்ளயே அந்தப் படத்துலேர்ந்து ஒரு எண் வரிசைய உருவாக்கி அத மட்டும்தான் எடுத்துக்கும், இன்ஸ்டாகிராம் ஃபேஸ்புக் மாதிரி அதுல சேர்ந்திருக்கிற கம்பெனிங்க அந்த எண்ணோட ஒத்துப் போற படம் வந்தா தடுத்துடும். 18க்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கு டேக் இட் டவுன்னு தனியா ஒண்ணு இருக்கு, இதே முறைதான். இந்த ரெண்டு தளத்தோட பேரையும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டுலயும் எழுதிப் போடணும்.

2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கே, அது காப்பாத்தும்னு சில பேரு சொல்றாங்க. அதுல ஒரு விஷயத்தக் கவனிக்கணும், நாமளே பொதுவெளியில போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு மூணாவது பிரிவுலயே இருக்கு. அதாவது பப்ளிக்னு வச்சு நீங்க போட்ட உங்க முகத்துக்கு அந்தச் சட்டத்தால பலன் இல்ல. ஏஐ பயிற்சிக்கு நெட்ல இருக்கிற கோடானுகோடி படத்த அள்ளிட்டுப் போறாங்க, லயான்னு ஒரு தொகுப்புல மட்டும் 500 கோடிக்கும் மேல படத்தோட லிங்க் இருக்கு, அதுல பிரேசில், ஆஸ்திரேலியா நாட்டுக் குழந்தைங்களோட குடும்பப் படங்களும் இருக்குன்னு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு 2024ல கண்டுபிடிச்சு சொன்னாங்க. நம்ம ஊர்ல பள்ளிக்கூட ஆண்டு விழா ஆல்பத்த யூனிபார்ம், பள்ளிக்கூடப் பேரு, பிள்ளை பேருன்னு எல்லாம் தெரியுற மாதிரி பப்ளிக்கா போடுறோம். க்ளாஸ் க்ரூப்புல பகிர்ந்தா பெத்தவங்களுக்குப் போதும்தானே, ஊர் உலகத்துக்கு எதுக்கு? இந்தச் சட்டத்துல இருக்கிற ஓட்டைய எம்பிங்க பேசணும், நீங்க ஒரு தலையங்கம் எழுதினாலும் நல்லாருக்கும்.

கடைசியா எங்க தொழில்காரங்களுக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன். கல்யாண ஆல்பம் முடிஞ்ச அடுத்த நாளே பொண்ணு மாப்பிள்ளை படத்த ஸ்டுடியோ பேஜ்ல ஏத்தி "புக்கிங்குக்கு அழைக்கவும்"னு விளம்பரம் பண்றது இப்ப எல்லா ஊர்லயும் வழக்கமாயிடுச்சு. சட்டப்படி, காசு குடுத்து ஒருத்தர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லன்னா, அந்தக் காசு குடுத்தவர்தான் முதல் உரிமையாளர், 17வது பிரிவுல தெளிவா இருக்கு. நாம எடுத்ததுதான், ஆனா அந்தப் படத்த விளம்பரத்துக்கு உபயோகிக்கணும்னா அவங்க சம்மதம் வேணும். எங்க பறவைப் படத்த கேக்காம எடுத்தா எங்களுக்கு எவ்வளவு வலிக்குதோ, அதவிட அதிகமா வலிக்கும், தன்னோட கல்யாணப் படம் தனக்குத் தெரியாம ஊரெல்லாம் சுத்துனா ஒரு பொண்ணுக்கு. அட்வான்ஸ் வாங்குற பில்லுலயே ரெண்டு கட்டம் போடுங்க, "படங்களை எங்க பக்கத்துல போடலாம்", "போடக் கூடாது"ன்னு, வீட்டுக்காரங்க டிக் பண்ணி கையெழுத்து போடட்டும், குழந்தை படம்னா தாய் தகப்பன் ரெண்டு பேருகிட்டயும் கேளுங்க, அப்புறம் மனசு மாறி படத்த நீக்கச் சொன்னா அன்னைக்கே நீக்கிடுங்க.

எங்க ஊரு போட்டோகிராபர் சங்கத்துல இத முன்வச்சிருக்கேன், ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள எல்லா ஸ்டுடியோ பில்லுலயும் அந்த ரெண்டு கட்டம் வந்துடணும்னு பேசிக்கிட்டு இருக்கோம். மத்த ஜில்லா சங்கத்துக்காரங்களும் இத வாசிச்சா அவங்க கூட்டத்துல பேசுங்க, மாதிரி பில் வேணும்னா இந்தப் பேப்பர் ஆபீஸ் மூலமா கேட்டா நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
தென்காசி மாவட்டம்.